மீந்தது வேறு, கழித்தது வேறு

ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் நாங்கள் பாட்டுக் கேட்கக் கூடியபோது நடந்ததை, வந்திருந்தவர்கள் அனைவரும் பார்த்தீர்கள். அமெரிக்க இசைக்குழுவான ஃபுகாசியின் ‘ஃபர்ஸ்ட் டெமோ’ (முதல் மாதிரிப் பதிவு) ஓடிக்கொண்டிருக்கையில், நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர் ஒருவர், ஸ்டுடியோக் குப்பையை எதற்குப் போடுகிறாய் என்று கேட்டு ஒலியைக் குறைத்துவிட்டார். அண்ணா, அன்று எனக்கு வாய் வரவில்லை. மீந்தது வேறு, கழித்தது வேறு.

வாஷிங்டனின் அந்த பங்க் (முரட்டு வேக ராக் இசை) குழு, பத்தே நிகழ்ச்சிகள் முடித்திருந்த நிலையில், தங்கள் இசை நாடாவில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதற்காக 1988 ஜனவரியில் இன்னர் இயர் ஸ்டுடியோவுக்குச் சென்றது. பதிவு அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் முறையாக வெளியிட இன்னும் காலம் வரவில்லை என்று கருதி, கேசட்டாக நண்பர்களுக்கும் ரசிகர்களுக்கும் இலவசமாகக் கொடுத்து, மற்றவர்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். பாடகர்களில் ஒருவரான கீ பிச்சியோட்டோ அப்போது குழுவில் கிட்டார் வாசிக்கத் தொடங்கவில்லை. இன்னொரு பாடகரான இயன் மெக்காயின் ஒற்றைக் கிட்டாரை வைத்தே பாடல்கள் நிற்கின்றன. அந்த நாடாவில் இருந்த ‘ஃபர்னிச்சர்’ என்ற பாட்டைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி பதிவு செய்து, 2001இல் அதன் பெயரிலேயே ஒரு சிறுதட்டு வெளியிட்டார்கள். குப்பையை யாராவது பதின்மூன்று ஆண்டுகள் மனத்தில் வைத்திருப்பார்களா?

காசுக்காகத்தான் அந்த நாடாவை 2014இல் தட்டாகக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் சொல்வீர்கள். பழைய நாடாக்களைக் கிளறிக் காசாக்கும் நிறுவனங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து டாலருக்கு மேல் நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்த குழுவின்மீது அந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

என் அம்மா தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் பல ஆண்டுகள் வேலை செய்தவர். சல்லடையில் கடைசியாக இறங்கும் டஸ்ட்டை அவர் ஒருநாளும் கழிவு என்று சொன்னதில்லை; நார் தனியாகப் போகும், அதுதான் கழிவு. கீழ்நாட்டு டீக்கடைகளில் எல்லாம் கொதிப்பது அந்த டஸ்ட்தான்.

மலையில் பிறந்தவனுக்கு வாஷிங்டன் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்றும் அன்று ஒரு குரல் கேட்டது. அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர் கைக்காசு சேர்த்து, கோயம்புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் எட்டுப் பாடல்கள் பதிவு செய்தோம். இரண்டை வெளியிட்டோம். மீதி ஆறையும் வாங்கிவர அடுத்த ஆண்டு போனபோது, வெளியிடாத பாட்டுத்தானே, இடம் போதாமல் அழித்துவிட்டோம் என்றார்கள். அந்த ஆறில் ஒன்றை எங்கள் நண்பன் காய்ச்சலோடு, தொண்டை கட்டிய குரலில் பாடியிருந்தான்; சரியாக வரவில்லை என்று ஒதுக்கியது நான்தான். அவன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான், பாடுவதை விட்டுவிட்டான். அண்ணா, அந்தப் பாட்டை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.