கூரை வந்தது, ரசிகர் விருந்தாளி ஆனார்

ஏசி, மெத்தை வைத்த இருக்கை, ராட்சதத் திரை, காது கிழியும் பாட்டு. ஆட்டம் பார்க்கப் போகிற இடத்துக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைத்தான் கை காட்டுவேன். 1965 ஏப்ரலில் அங்கே ஆஸ்ட்ரோடோம் திறந்தது. பேஸ்பால் ஆடும் அளவுக்குப் பெரிய மைதானத்தை முழுசாக மூடி ஏசி போட்டது உலகிலேயே அங்கேதான் முதலில்.

கூரை போட்டதில் தப்பே இல்லை. ஹூஸ்டன் புழுக்கம் நம் சென்னைப் புழுக்கத்துக்குச் சளைத்ததல்ல. அந்த ஊர் பேஸ்பால் அணியான ஆஸ்ட்ரோஸ் அதற்கு முன் ஆடிய திறந்த மைதானம் கொசுக்கடிக்குப் பேர்போனது. குடும்பத்தோடு போய் வியர்க்காமல் உட்கார முடிந்தது பெரிய விஷயம்தான்.

அப்புறம்தான் கூத்து. புல் வளர வெளிச்சம் வேண்டுமே என்று ஒளி ஊடுருவும் தகடுகளால் கூரை வேய்ந்திருந்தார்கள். பகல் ஆட்டத்தில் அண்ணாந்து பார்த்த ஃபீல்டர்களுக்குக் கண் கூசிப் பந்தே தெரியவில்லை. சரி என்று தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெளிச்சம் குறைந்து புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சை பெயிண்ட் அடித்து அந்த சீசனை ஓட்டினார்கள்! 1966-ல் செயற்கைப் புல் விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அங்கே பிறந்ததுதான். பார்க்கிறவர் சொகுசுக்குப் போட்ட கூரை, ஆடுகிறவர் காலடித் தரையையே மாற்றிவிட்டது.

ஆனால் என் கணக்கில் ரசிகரை மாற்றியது கூரை அல்ல, ஸ்கோர்போர்டு. 474 அடி நீளம். சொந்த அணி ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தால் போதும், கௌபாய் துப்பாக்கி வெடிப்பான், காளை சீறும், பட்டாசு பறக்கும், எல்லாம் விளக்குகளிலேயே. எப்போது கத்த வேண்டும் என்பதையும் அதுவே சொல்லியது. சேப்பாக்கத்தில் டிஜே 'சத்தம் பத்தலை' என்று அலறும்போதெல்லாம் எனக்கு இந்தப் பலகைதான் ஞாபகம் வரும். எங்கே கைதட்டுவது என்று எனக்குத் தெரியாதா என்ன?

1968-ல் அங்கே ஹூஸ்டன், யூசிஎல்ஏ பல்கலைக்கழகங்களின் கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். அந்தப் பிரம்மாண்டமான தரையின் நடுவில் தனியாகக் கிடந்தது ஆடுகளம். முதல் வரிசைக்காரருக்கே தூரம். மேலே இருந்தவர்களுக்கு ஆட்கள் எறும்புதான். ஆனாலும் வந்தார்கள். 'நானும் அங்கே இருந்தேன்' என்று சொல்லிக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட்.

எனக்கு உறுத்துவது தனியறைகள். மைதானத்தைக் கட்ட முன்னின்ற ராய் ஹாஃப்ஹைன்ஸ் சாமர்த்தியசாலி. கூரையை ஒட்டி, ஆடுகளத்திலிருந்து மிகத் தொலைவில் இருந்த உச்சி வரிசையை 'ஸ்கைபாக்ஸ்' என்ற சொகுசு அறைகளாக்கிப் பணக்காரர்களுக்கு விற்றார். எனக்கு அது சிரிப்பாகக்கூட இருக்கிறது. மோசமான இடத்துக்கு அதிக விலை, நல்ல இடம் சாதாரணச் சனங்களுக்கு!

அது நீடிக்கவில்லை. பின்னால் வந்த மைதானங்கள் அதே அறைகளை நடு அடுக்குக்கு இறக்கின. 2000-ல் ஆஸ்ட்ரோஸ் அணி குடிபோன புதிய மைதானத்தில் கூரை திறந்து மூடும், புல்லும் நிஜம். சொகுசு அறைகள் நடு அடுக்கில் இருக்கின்றன. மலிவு டிக்கெட்காரர் அவற்றுக்கும் மேலே ஏறி உட்கார வேண்டும்.