தீர்ப்பை எழுதிவிட்டுக் கதை எழுதுகிறவர்கள்

எழுத்தாளர் மு. வரதராசனை, அதாவது மு.வ.வை, குறை சொன்னால் எங்கள் வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடும். 1912-இல் பிறந்து, ராணிப்பேட்டைப் பக்கம் வேலத்தில் வளர்ந்து, திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து, கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை போன மனிதர். அவருடைய திருக்குறள் தெளிவுரை என் வீட்டிலும் அட்டை கிழிந்து ஒன்று கிடக்கிறது. அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும். 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய 'அகல் விளக்கு' நாவல் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

ஆரம்பம் நன்றாகத்தான் போகிறது. வாலாஜா வருகிறது, பாலாறு வருகிறது. நம்ம ஊரை அச்சில் பார்க்கிற சந்தோஷமே தனி. வேலய்யன், சந்திரன் என்று இரண்டு நண்பர்கள். சந்திரன் அழகன், படிப்பில் கெட்டி. வேலய்யன் சுமார் ரகம். யார் உருப்படுவான், யார் கெடுவான் என்பது தலைப்பிலேயே முடிவாகிவிட்டது. சந்திரன் தடம் மாறுகிறான், ஊரை விட்டுப் போகிறான், கடைசியில் தொழுநோய் வந்து அழிகிறான். அந்த நோயை ஆசிரியர் தண்டனையாகத்தான் கொண்டுவருகிறார் என்று எனக்குப் பட்டது. மதுரைக்காரரோ நெல்லைக்காரரோ அதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகலாம். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு எங்களால் எப்படி அதைத் தாண்டிப் போக முடியும்?

இந்த இடத்தில்தான் வேறு ஒரு புத்தகத்தை நீட்டுவேன். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993-இல் வலியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். யாருக்கும் வேண்டாத பரிசு என்று வலிக்குப் பெயர் வைத்திருக்கிறார்.

அதில் ஒரு காட்சி. துருப்பிடித்த பூட்டு. பிராண்ட் எவ்வளவு முறுக்கியும் சாவி அசையவில்லை. நோஞ்சானாக ஒரு பையன், அவனும் நோயாளிதான், 'நான் பாக்கறேன்' என்கிற மாதிரி சாவியைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிவிடுகிறான். டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் பார்த்தால் தரையில் ரத்தம் சொட்டுகிறது. சாவி அறுத்ததில் விரலில் எலும்பே தெரிகிறது. பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை, சாதாரணமாக நிற்கிறான். வலி இருக்கிறவன் எந்த இடத்தில் கையை எடுப்பானோ, அந்த இடம் அவனுக்கு இல்லை. அவ்வளவுதான் அவனுடைய பலம்.

சதை தானாக அழுகி விழுகிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உணர்ச்சி போன கை கால்களில் படுகிற காயமும் சூடும்தான் விரல்களைத் தின்கின்றன என்று இவர் ஒவ்வொன்றாகப் பிடித்துக்காட்டுகிறார். ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்தால் விரலில் கொஞ்சம் காணோம். காவல் இருந்து பார்த்தால் எலி. அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு மறுபடி சந்திரனிடம் போனால், அவன் மேல் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவனைப் படைத்தவர் மேல்தான் வருத்தம். பிராண்டும் சும்மா இல்லை, பின்பாதியில் அமெரிக்கர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம், குடி முழுகாது.

யாருக்கும் தீர்ப்பு சொல்லாத புத்தகம் என்றால் எனக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு ரயிலில் போனது நினைவிருக்கும். எங்கள் ஊர்க் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குழாய்க்கே தெரியாது, இங்கிருந்து அங்கே ரயில். அந்தச் சமயத்தில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் போகும்போது இந்த நாவலை மறுபடி படித்தேன். சினிமா ஆசையில் ஏமாந்த ஜமுனா, அவள் தங்கை சாயா, ஒரு குடம் தண்ணீருக்காகத் தெருத்தெருவாக அலைகிற பெண்கள். சாகத் துணிந்த ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்கிற இடம் இருக்கிறதே, இருமல்காரப் புருஷன், மாமியார், ஓயாத வேலை... அழ வைக்கிற மாதிரி ஒரு வரி கிடையாது. ஜமுனா கெட்டவளா, நல்லவளா என்று ஆசிரியர் வாயே திறக்கவில்லை. மு.வ. கையில் கிடைத்திருந்தால் ஜமுனாவின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' நாவல் வேறு ரகம். அதில் கோபம் இருக்கிறது, இருக்க வேண்டிய கோபம். நிலம் யார் கையில், கூலி யார் கையில் என்று கேட்கிற கோபம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பு நாற்றத்தைத் தாண்டி பஸ்ஸில் மட்டும் போனவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். சினிமாவில் சிரிப்புக்கு மட்டும் பயன்படுகிற நம்ம பக்கத்துப் பேச்சில் ஒரு மனிதன் துக்கப்படவும் முடியும் என்பதை நான் இவரிடம்தான் பார்த்தேன்.

கல்கியைச் சொல்லாமல் விட்டால் திட்டு விழும். 'பொன்னியின் செல்வன்' இலக்கியமா இல்லையா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமே இல்லை. வல்லத்து வந்தியத்தேவனை எங்கள் திருவல்லத்துப் பையன் என்று நாங்கள் சொந்தம் கொண்டாடுவோம், யாரும் தடுக்க முடியாது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அத்தனை பாகம் எழுதிய பிறகும் அடித்துச் சொல்லாமல் விட்டார் பாருங்கள், அதற்காகவே கல்கிக்கு ஒரு கும்பிடு. படித்து முடித்தவர்கள் ஒருநாள் மேல்பாடிக்குப் போய்வாருங்கள். தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது சமாதிக் கோயில், பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது. தஞ்சாவூர் மாதிரி கூட்டமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகம் பற்றிய புத்தகங்களில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆங்கிலேயர்கள் எழுதியதில் கலகத்தை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்துவந்த கில்லெஸ்பிதான் நாயகன். ஹென்றி நியூபோல்ட் அவருக்குக் கவிதையே எழுதிவிட்டார். நம்மவர்கள் எழுதியதில் முதல் சுதந்திரப் போரா இல்லையா என்ற வழக்கே பாதிப் புத்தகத்தை விழுங்கிவிடுகிறது. புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றிக்குறியை அழி, தாடியை மழி என்று உத்தரவு வந்த அன்று கோட்டைக்குள் ஒரு சிப்பாய் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? மக்கான் பக்கம் நினைவுத்தூணைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றும். யாராவது அதை நாவலாக எழுதுங்கள், முதல் பிரதியைக் காசு கொடுத்தே வாங்குகிறேன்.

தன்னம்பிக்கைப் புத்தகங்களைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். பரிசாக வந்தால் வாங்கிக்கொள்வேன், வேறு யாருக்காவது பரிசாகக் கொடுத்துவிடுவேன்.

மேலே சொன்னதில் எது வேண்டுமானாலும் இரவல் தருகிறேன், 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் தவிர. அது காட்பாடியில் ஒருவரிடம் இருக்கிறது. அவர் இந்தப் பதிவைப் படித்துவிட்டு லைக் மட்டும் போடுவார் என்பதும் தெரியும்.