கூடம் கோணலாகத்தான் இருக்கிறது

"கை பழகிவிடும், தம்பி."

கொழும்பில் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போன எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் கடையைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டார். நெக், அதாவது விரல்கள் பிடிக்கும் கழுத்துப் பகுதி, தடிப்பாக இருக்கிறதே என்றால் கை பழகிவிடும். கட்டைவிரலின் அடி வலிக்கிறதே என்றால் கை பழகிவிடும். உலகத்தில் உள்ள அத்தனை கிட்டார்களும் பிசகே இல்லாமல் செய்யப்பட்டவை, கடவுள் படைத்த கைதான் பிழை என்பது போன்ற ஒரு பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

காலி வீதியில் ஒரு கடை. பெயர் வேண்டாம், பெயர் சொன்னாலும் மற்றக் கடைகள் யோக்கியம் என்று ஆகிவிடாது. கிட்டார்கள் எல்லாம் சுவரின் உச்சியில், எட்டாத உயரத்தில், கண்ணாடித் தாளோடு தொங்குகின்றன. ஒன்றைக் கீழே இறக்கச் சொன்னால் விற்பனையாளர் முதலில் என் சட்டையைப் பார்க்கிறார், பிறகு காலணியைப் பார்க்கிறார், பிறகுதான் ஏணியைத் தேடுகிறார். இறக்கித் தந்தாலும் தாளைக் கழற்ற விடமாட்டார். "கீறல் விழுந்துவிடும், இப்படியே பிடித்துப் பாருங்கள்." பொலித்தீனுக்கு மேலால் நெக்கைத் தடவி என்னத்தை அறிவது? செருப்பு வாங்கப் போனால்கூட ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, இலக்கம் கேட்டு, இரண்டு காலிலும் மாட்டி நடக்கச் சொல்கிறார்கள். மூன்று இலட்சம் ரூபாய்ப் பொருளை மட்டும் தாலி கட்டிய பிறகுதான் தொடலாமாம்.

நெக் என்ன வடிவம் என்று கேட்டேன். "நல்ல வடிவம்" என்றார். தடிப்பு எவ்வளவு என்றேன். "நோர்மல்" என்றார்.

நோர்மல்! எந்த ஊர் நோர்மல்? ஐபனெஸ் நிறுவனத்தின் விசார்ட் 3 என்ற நெக்கின் தடிப்பு முதலாவது ஃப்ரெட்டில், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் முதலாவதில், 19 மில்லிமீட்டர், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 21. கிப்சனின் ஐம்பதுகளின் பாணி நெக் முதலாவது ஃப்ரெட்டிலேயே கிட்டத்தட்ட 23, பன்னிரண்டாவதில் 25ஐத் தொடும். இரண்டும் கிட்டார்தான், இரண்டிலும் ஆறு தந்திகள்தான். நான்கு மில்லிமீட்டர் என்று காகிதத்தில் எழுதினால் சிரிப்பு வரும். சுட்டுவிரலால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் பார் கோர்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் பாட்டை வாசித்துவிட்டு வந்து சிரியுங்கள் பார்ப்போம்.

அந்தத் தடிப்பாவது பாதிக் கதைதான். நெக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரியும் வடிவத்துக்குத்தான் சி, டி, யூ, வி என்று எழுத்துகளை வைத்திருக்கிறார்கள். நடுவில் 22 மில்லிமீட்டர் உள்ள ஒரு சி நெக்கையும் அதே 22 மில்லிமீட்டர் உள்ள ஒரு யூ நெக்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சி நெக்கில் இரண்டு பக்கத் தோள்களும் நன்றாகச் சீவப்பட்டிருக்கும், விரல்கள் சுலபமாகச் சுற்றிவரும். யூ நெக்கில் அந்தத் தோள்களில் மரம் அப்படியே விடப்பட்டிருக்கும். உள்ளங்கை நிறையும், ஆனால் விரல் நுனி தந்தியை எட்டுவதற்குள் பாதி வழி மரத்தைச் சுற்றுவதிலேயே போய்விடும். வி நெக்கில் நடுவில் ஒரு முகடு ஓடும். கட்டைவிரலை நெக்குக்கு மேலால் போட்டு வாசிப்பவர்களுக்கு அந்த முகடு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் போய்ச் சமர்த்தாக உட்காரும். கட்டைவிரலை நெக்கின் முதுகில் ஊன்றி வாசிப்பவர்களுக்கு அதே முகடு விரலுக்குள் குத்தும். எரிக் கிளாப்டன் பெயரில் 1988இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மென்மையான வி நெக். ஜெஃப் பெக் பெயரில் 1991இல் வந்ததற்கு உருண்டு திரண்ட யூ நெக், பிறகு அதுவும் மெலிந்து சி ஆகிவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே மாதிரிக் கிட்டார், இரண்டு மேதைகள், இரண்டு கைகள். அவர்களிடம் போய் யாராவது "கை பழகிவிடும், ஐயா" என்று சொன்னார்களா?

எழுத்தை நம்பிப் போனாலும் குழிதான். அறுபதுகளில் ஃபெண்டர் தன் நெக்குகளின் அடியில் ஏ, பி, சி, டி என்று முத்திரை குத்தியது. அது வடிவம் அல்ல, நட்டின் அகலம், அதாவது நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பட்டியின் அகலம். பி என்றால் ஒன்றே எட்டில் ஐந்து அங்குலம், அதுதான் வழமையானது. சி என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். அந்த 'சி'யைப் பார்த்துவிட்டு இது சி வடிவ நெக் என்று அடித்துச் சொல்லும் தரகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய தன்னம்பிக்கையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் இப்போது பாராளுமன்றத்தில் இருந்திருப்பேன்.

என் கோபம் எனக்காக மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். அக்காவின் மகளுக்குப் பதினான்கு வயது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மின்தூக்கி வேலை செய்யாத நாள்களிலும் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடி இறங்கி வகுப்புக்குப் போகும் பிள்ளை. அவளுக்குக் கிடைத்தது பழைய கிட்டார் ஒன்று, பார்வைக்குப் பளபளப்பு, நெக்கோ அசல் யூ. எஃப் மேஜர் என்ற பார் கோர்ட்டைப் பிடிக்கும்போது பார்த்தேன். சுட்டுவிரல் தந்திகளின் மேல் நேராகப் படிய மறுக்கிறது. மணிக்கட்டு முன்பக்கமாக மடிந்து ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்கிறது. கட்டைவிரலின் மூட்டு வெளுத்துப்போயிருக்கிறது. முதலாம் தந்தியும் இரண்டாம் தந்தியும் ஊமை. மடித்த மணிக்கட்டோடு விரலை அழுத்தினால் விரல்களை இயக்கும் தசைநார்கள் ஒடுங்கிய வழியில் உரசிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். வலிக்காமல் என்ன செய்யும்?

"என் கை சின்னதாம், மாமா" என்றாள். வகுப்பில் அப்படிச் சொன்னார்களாம். அதோடு விடவில்லை, "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள், எல்லோர் முன்னாலும்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேணியர் இடுக்கிமானியைத் தேடி எடுத்தேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவன் வீட்டில் அது எங்காவது ஒரு இழுப்பறையில் கிடக்கும். தந்திகளைத் தளர்த்திவிட்டு அளந்தேன். முதலாவது ஃப்ரெட்டில் 24 மில்லிமீட்டர், பன்னிரண்டாவதில் 26. கூடம் கோணல்தான் ஐயா! வளர்ந்த ஆண்களே திணறும் நெக்கை ஒரு சிறு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் பழமொழி வேறு சொல்கிறார்கள். கூடத்தை ஒருமுறையாவது நூல் பிடித்துப் பார்த்தவன் சொல்லட்டும் அந்தப் பழமொழியை.

இப்போது எதிர்ப்பக்கத்து ஞானிகளுக்கும் கொஞ்சம் கொடுத்துவைக்கிறேன். "அப்படியென்றால் மெல்லிய நெக் வாங்கிக் கொடு, அதுதான் வேகம், அதுதான் சுகம்" என்பார்கள் இவர்கள். 1987இல் ஐபனெஸ் ஆர்.ஜி. வரிசை வந்ததிலிருந்து மெல்லிய நெக் என்றால் வேகம் என்று ஒரு மந்திரம் ஓதப்படுகிறது. பெரிய கை உள்ளவர் மெல்லிய நெக்கைப் பிடித்தால் உள்ளங்கைக்கு எந்தத் தாங்கலும் கிடைக்காது. கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடித்தசை கல்லாக இறுகிவிடும். அவரிடமும் போய் "மெல்லியதுதானே, ஏன் வலிக்கிறது?" என்று கேட்பார்கள்.

சின்னக் கைக்குத் தடிப்பு மட்டுமே எதிரி என்பதும் அரைகுறைப் பேச்சு. நட் 41.9 மில்லிமீட்டரா 43ஆ என்று பார்க்க வேண்டும். அளவு நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம், 25.5 அங்குலமா 24.75ஆ என்று பார்க்க வேண்டும். முன்னதில் நட்டிலிருந்து முதலாவது ஃப்ரெட் வரையுள்ள தூரம் 36 மில்லிமீட்டரைத் தாண்டும், பின்னதில் 35 சொச்சம். நெக்கின் முன்பக்கப் பலகையான ஃப்ரெட்போர்ட்டின் வளைவும் இருக்கிறது. பழைய ஃபெண்டர் பாணி 7.25 அங்குல ஆரம் பார் கோர்ட்டுக்கு இதமாக இருக்கும், ஆனால் மேல் ஃப்ரெட்டுகளில் தந்தியை வளைத்து இழுத்தால் சத்தம் செத்துவிடும். கிப்சனின் 12 அங்குலத்தில் அந்தத் தொல்லை குறைவு. இவை ஒன்றும் பரம இரகசியங்கள் அல்ல. கடைக்குக் கிட்டார் வந்து இறங்கும் பெட்டியோடு வரும் தாளிலோ நிறுவனத்தின் விவரப் பட்டியலிலோ பெரும்பாலும் இருப்பவைதான். வாசிக்கத்தான் ஆளில்லை.

தடிப்பான நெக்தான் உறுதி, மெல்லியது வளைந்துபோகும் என்று பயம்காட்டும் பெரியவர்களும் உண்டு. வழமையான பத்தாம் அளவுத் தந்திகள் சேர்ந்து நெக்கை நாற்பது கிலோவுக்கும் மேலான விசையுடன் இழுக்கின்றன என்பது உண்மைதான். அதைச் சமாளிக்கத்தான் நெக்குக்குள் ட்ரஸ் றொட் என்ற உருக்குக் கம்பி ஓடுகிறது. கிப்சன் 1920களின் தொடக்கத்திலேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது கம்பியை விட்டுவிட்டு, ஈடுகட்ட நெக்கைத் தடிப்பாகச் செய்தார்கள். போர் முடிந்து எண்பது வருடமாகிறது, பெரியவருக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

நம் ஊர்க் காலநிலை இருக்கிறதே, அது இன்னொரு வழக்கு. கடைக்குள் ஏ.சி. குளிர். பளபளப்பான வார்னிஷ் பூசிய நெக்கில் கை வெண்ணெயாக வழுக்கும். ஆகா ஓகோ என்று வாங்கிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் நசுங்கி வீடு வந்து, கடற்காற்று வீசும் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வாசித்தால் அதே நெக் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. வியர்வையும் ஈரப்பதமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு ஒட்டத்தான் செய்யும். இந்த ஊருக்கு மங்கலான சாட்டின் பூச்சுத்தான் தோது என்று ஒரு கடைக்காரராவது சொல்லிப் பார்த்ததில்லை. கடைசியில் மிக மெல்லிய உருக்குக் கம்பளியால் நெக்கின் முதுகை நானே தேய்த்து மினுக்கத்தை எடுத்தேன். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பின் காந்தத்தில் இரும்புத் தூள் ஒட்டாமலிருக்க முதலில் அதை நாடாவால் மூட வேண்டும், செய்ய நினைப்பவர்கள் மறந்துவிடாதீர்கள். ஒட்டுவது நின்றது. தடிப்பு நிற்குமா?

மாற்றித் தாருங்கள் என்று கேட்கவும் வழியில்லை. "விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது" என்று மும்மொழியிலும் பலகை தொங்குகிறது. மொழிச் சமத்துவம் அங்கே மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360க்குப் பாய்ந்த பிறகு, ஒரு கிட்டாரைப் பிழையாக வாங்கினால் அடுத்ததை வாங்க ஒரு குடும்பம் எத்தனை நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யோசித்திருக்கிறார்களா? அந்தக் காசுக்கு வாங்குபவனிடம் இரண்டு எண்ணும் ஓர் எழுத்தும் சொல்ல முடியாதா? முதலாவது ஃப்ரெட், பன்னிரண்டாவது ஃப்ரெட், வடிவம். விலைச் சீட்டின் பின்பக்கம் முழுவதும் காலியாகத்தானே கிடக்கிறது.

அந்த யூ நெக்கை விற்றுவிட முடிவுசெய்தோம். விளம்பரத்தில் எல்லா அளவுகளையும் போட்டேன். வந்த முதல் அழைப்பு: "கடைசி விலை என்ன?" இரண்டாவது அழைப்பு: "பை சும்மா தருவீர்களா?" மூன்றாவதாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வந்தார். கலியாண வீடுகளில் வாசிப்பவர், கதவு நிலையில் தலை முட்டும் உயரம், உள்ளங்கை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். விலையைக் கேட்கவில்லை. கிட்டாரை வாங்கி, தந்தியைக்கூட மீட்டாமல், நெக்கை மட்டும் மேலும் கீழும் பிடித்துப் பார்த்தார். இரண்டு வருடமாக மெல்லிய நெக் ஒன்றோடு மல்லுக்கட்டிக் கட்டைவிரல் மரத்துப்போகிறதாம். தடித்த நெக் எந்தக் கடையில் இருக்கிறது என்று அலைந்து கேட்டிருக்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லையாம்.

"என்ன சொன்னார்கள், அண்ணா?" என்று கேட்டேன்.

"வேறென்ன தம்பி, கை பெருத்துவிட்டதாம்" என்றபடி காசை எண்ணத் தொடங்கினார்.