ஒரு கண் சின்னதாகத் தெரிகிறதா? முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்

"ஒரு கண் சின்னதா இருக்கு, ஆபரேஷன் பண்ணிக்கலாமா?" என்று யாராவது கேட்டால், "இதெல்லாம் ஒரு குறையா, விட்டுத்தள்ளு" என்று வாயை அடைத்துவிடுகிறோம். எனக்கு அந்தப் பதில் சுத்தமாகப் பிடிக்காது. என் இடது இமையும் வலதைவிடத் தாழ்ந்ததுதான். போட்டோ எடுக்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கிச் சமாளிப்பவர்களின் சங்கடம் எனக்குப் புரியும். அதற்காக நேரே அழகு சிகிச்சை மையத்துக்குப் போய் நிற்பதும் சரியில்லை.

ஏனென்றால், எந்தக் கண்ணில் கோளாறு என்பதையே கண்ணாடி பார்த்துச் சொல்லிவிட முடியாது. மேல் இமை கருவிழியின் மேல் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மூடியிருப்பது இயல்பு. அதைவிட இறங்கினால் டோசிஸ் என்பார்கள். தைராய்டு பிரச்சினையில் சிலருக்கு ஒரு இமை மேலே ஏறிக்கொள்ளும். அப்போது நன்றாக இருக்கிற கண்தான் சின்னதாகத் தெரியும். அதைப் போய்த் தூக்கித் தைத்தால் என்ன ஆகும்?

இரண்டு இமைகளையும் தூக்கும் தசைகளுக்கு மூளை ஒரே அளவில்தான் கட்டளை அனுப்பும். ஒன்று தொங்கினால் அதைத் தூக்கக் கூடுதலாக முயலும். அந்த வேகத்தில் மற்றதும் சேர்ந்து ஏறிவிடும். என்னைப் பார்த்த மருத்துவர் இடது இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது இமை இறங்கியது! ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் தொங்கத் தொடங்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் தேதி குறிக்கும் இடத்தில் உட்காரவே உட்காராதீர்கள்.

அப்புறம், தொங்கும் தோலை வெட்டி எடுப்பது வேறு, இமையைத் தூக்கும் தசையை இறுக்குவது வேறு. வயதானாலோ, பல வருடம் காண்டாக்ட் லென்ஸ் போட்டாலோ அந்தத் தசையின் பிடிமானம் தளரும். அதற்குத் தோலை மட்டும் எடுத்துப் பயனில்லை.

இமை திடீரென்று இறங்கி, கூடவே தலைவலி, இரட்டைப் பார்வை, கண்ணின் பாப்பா (கருவிழி நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) அளவில் மாற்றம் இருந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மூளை இரத்தக்குழாயில் வீக்கம்கூடக் காரணமாக இருக்கலாம். காலையில் சரியாக இருந்து சாயங்காலம் தொங்கினால் தசைச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். குழந்தைக்கு இமை கண்ணின் பாப்பாவை மறைத்தால் அந்தக் கண்ணின் பார்வையே வளராமல் போகலாம். அங்கே காத்திருக்கவே கூடாது.

இதெல்லாம் இல்லை, தோற்றம் மட்டும்தான் என்றால்? வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவு என்றால் விட்டுவிடுங்கள் என்பேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அளவு வித்தியாசம் மிஞ்சினாலே அதை நல்ல பலன் என்றுதான் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். கிட்டத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபி வேறு முகத்தைக் கோணலாக்கிக் காட்டும். கண் உலர்ந்துபோவது, தூங்கும்போது இமை முழுசாக மூடாதது, மறுபடி ஆபரேஷன் என்று சிக்கல்களும் உண்டு. ஆனால் எதிரே நிற்பவருக்கே பளிச்சென்று தெரிகிறது, படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது என்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். யாரிடமும் நியாயம் சொல்லத் தேவையில்லை. இமை அறுவையில் தனிப்பயிற்சி பெற்ற கண் மருத்துவராகத் தேடிப் போங்கள். பழைய போட்டோக்களையும் எடுத்துப் போங்கள். இமை எப்போதிருந்து இறங்கியது என்பது முதலில் அவருக்குத் தெரிய வேண்டும்.