ஓசோன் கடைசியில்தான்

ஜப்பானில் தனியாக இறந்து பல நாள் கழித்துக் கண்டெடுக்கப்படுபவர்களின் வீட்டைச் சுத்தம் செய்ய ஏன் இவ்வளவு கட்டணம் என்று ஒரு கட்டுரை கேட்கிறது. சிலர் கூடுதலாகவும் வாங்கலாம், சரி. ஆனால் வேலையைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும். உடலிலிருந்து கசிவது ததாமி எனும் தடித்த தரைப் பாயோடு நிற்பதில்லை; அடிப்பலகைக்கும், சில வீடுகளில் கான்கிரீட்டுக்குள்ளும் இறங்கிவிடும். மேலே மருந்து ஊற்றித் துடைத்துப் பயனில்லை. முதலில் கிருமிநாசினி தெளித்து, ஈ, புழுக்களை ஒழிக்க வேண்டும். அப்புறம் ஊறிய பகுதியை அறுத்தெடுக்க வேண்டும். எடுக்க முடியாததன்மேல் பூச்சடித்து மூட வேண்டும். நாற்றம் போக்கும் ஓசோன் வாயு இயந்திரம் அதற்குப் பிறகுதான் (அது ஓடும்போது ஆள் உள்ளே இருக்கக் கூடாது). கசிவை விட்டுவிட்டு அதை ஓட்டினால் நாற்றம் திரும்பிவிடும்.

கட்டுரை தொடாத ஒன்று: 2021 அக்டோபரில் அங்கே அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வீட்டில் நடந்த இயற்கை மரணத்தை அடுத்துக் குடிவருபவரிடம் பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சிறப்புத் துப்புரவு நடந்திருந்தால் மட்டும் வாடகை வீட்டுக்குச் சுமார் 3 ஆண்டுகள் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்குவதைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.