மரக்கானாவின் முகத்தைக் காப்பாற்றி உள்ளே இருந்ததை இடித்துவிட்டார்கள்

ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானம் என்றாலே நம் கால்பந்து ரசிகர்கள் 1950 உலகக் கோப்பையில் பிரேசில் உருகுவேயிடம் தோற்றதைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அந்த மைதானத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பு 2005இல் நடந்தது. அந்த வருடம்தான் ஜெரால் மூடப்பட்டது.

ஜெரால் என்பது ஆடுகளத்தைச் சுற்றி, எல்லா அடுக்குகளுக்கும் கீழே, நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிற பகுதி. இருக்கை கிடையாது, மேலே கூரையும் கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். தரை மிகவும் தாழ்வாக இருந்ததால் ஆட்டக்காரர்களின் பூட்ஸும் கணுக்காலும்தான் பார்வைக்கு நேரே வரும். எதிர்ப்பக்கக் கோல் அருகே என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியாது. அதற்காகவே பலர் சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, கண்முன் நடக்கும் ஆட்டத்துக்கு வர்ணனையும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். களத்துக்கும் இவர்களுக்கும் நடுவே ஓர் அகழி. மோசமான இடம்தான். ஆனால் ரியோவிலேயே மலிவான டிக்கெட் அது. கூலி வேலை செய்பவரும் குடிசைப் பகுதிப் பையனும் வாராவாரம் உள்ளே வர முடிந்தது அதனால்தான். வேஷம் கட்டிக்கொண்டு வருபவர்கள், பதாகை பிடிப்பவர்கள் என்று அங்கே தனி உலகமே இருந்தது. அவர்களுக்கு ஜெரால்டினோக்கள் என்று பெயரே உண்டு.

இது தற்செயலாக அமைந்தது இல்லை. மைதானத்தை எங்கே கட்டுவது என்று 1940களில் பெரிய சண்டை நடந்தது. கார்லோஸ் லசெர்டா என்ற அரசியல்வாதி, நகரத்துக்கு வெகு தொலைவில் உள்ள ஜகரெபாகுவாவில் கட்டச் சொன்னார். பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ விடவில்லை. ஊருக்குள்ளே, பழைய குதிரைப் பந்தய மைதானம் இருந்த இடத்தில், எல்லோரும் வந்து சேரக்கூடிய மாதிரிதான் வேண்டும் என்று எழுதி எழுதியே வென்றார். 1948 ஆகஸ்ட்டில் வேலை தொடங்கி, 1950 ஜூனில், முழுதாக முடியாத நிலையிலேயே திறந்தார்கள். 1966இல் மாரியோ ஃபில்யோ இறந்தபின் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது நியாயமான மரியாதை.

வடிவமும் அதே எண்ணத்தோடு இருந்தது. நீள்வட்டமான ஒரே கிண்ணம், எங்கும் மூலை கிடையாது. வெளியே வரிசையாகக் கான்கிரீட் தூண்கள், கூட்டம் ஏறி இறங்கப் பிரம்மாண்டமான சரிவுப் பாதைகள். உள்ளே தூண் எதுவும் மறைக்காதபடி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் கூரை.

1950 ஜூலை 16 அன்று டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். கணக்குப்படி அது இறுதி ஆட்டம்கூட இல்லை, நான்கு அணிகள் ஆடிய கடைசிச் சுற்றின் கடைசி ஆட்டம். பிரேசிலுக்கு டிரா போதும். 1-1 என்று இருந்தபோது, 79ஆவது நிமிடம், வலது பக்கம் உருகுவே ஆட்டக்காரர் கிஜ்ஜா பந்தோடு ஓடி வருகிறார். கோலுக்கு முன்னே இருப்பவருக்குப் பந்தைக் கிராஸ் செய்வார் என்று நினைத்துப் பிரேசில் கோல்கீப்பர் பார்போசா ஓரடி முன்னே வைக்கிறார். கம்பத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன இடைவெளியில் பந்து போய்விட்டது. அந்த ஓரடிக்காக 2000இல் சாகும்வரை பார்போசாவைக் குற்றவாளி போலவே நடத்தினார்கள். பெரும் அநியாயம்.

சரி, இடித்த கதைக்கு வருகிறேன். மைதானம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஆனால் 2014 உலகக் கோப்பைக்காக 2010இல் தொடங்கிய வேலையில் வெளிமுகத்தை விட்டுவிட்டு உள் அடுக்குகளை இடித்தார்கள். பழைய கான்கிரீட் கூரையையும் உடைத்துவிட்டுத் துணி போன்ற வெள்ளைக் கூரையை மாட்டினார்கள். ஆடுகளத்தைக்கூட 105க்கு 68 மீட்டராகச் சுருக்கினார்கள். ஏறக்குறைய 78,000 இருக்கைகள். செலவு பிரேசில் பணத்தில் 100 கோடி ரியாலைத் தாண்டியது. இந்த வேலையில் கையூட்டு வாங்கியதாக முன்னாள் ஆளுநர் செர்ஜியோ கப்ரால் மீது வழக்கு வந்து, 2016இல் கைதும் ஆனார். இவ்வளவும் செய்து, 2014 உலகக் கோப்பையில் பிரேசில் அணி அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

பாதுகாப்புக்காகத்தானே செய்தார்கள் என்பார்கள். 1992இல் ரியோ கிளப்புகளான ஃபிளமெங்கோ - பொட்டாஃபோகோ ஆட்டத்தில் மேல் அடுக்கின் தடுப்புக் கம்பி பெயர்ந்து விழுந்து மூன்று பேர் இறந்தது உண்மை. அதற்குப் பிறகு பழையபடியே விட்டிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்ந்தது மேல் அடுக்கின் கம்பி, கீழே இருந்த ஜெரால் அல்ல. அப்புறம், ஜெர்மனியின் டார்ட்மண்ட் மைதானத்தில் தெற்குப் பக்கத்தில் இன்றைக்கும் ஏறக்குறைய 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். 2006 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா விதிப்படி அங்கே இருக்கை போட்டார்கள், போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். அதே வழி ரியோவுக்கும் இருந்தது. எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஏழை ரசிகரைப் பாதுகாப்பதை விட்டுவிட்டு, அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

2024இல் ஃபிளமெங்கோ, ஃபுளுமினென்சே கிளப்புகள் சேர்ந்து 20 ஆண்டுக்கு மைதானத்தை நடத்தும் உரிமையைப் பெற்றன. அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். இரண்டு கோல்களுக்கும் பின்னால் நின்று பார்க்கிற இடமும், தினக்கூலி வாங்குபவருக்குக் கட்டுப்படியாகிற டிக்கெட்டும் ஒன்றாக வர வேண்டும். விலை இறங்காமல் நாற்காலிகளை மட்டும் கழற்றினால் அது ஜெரால் ஆகாது.