கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது

இரண்டு கோபுரங்களை வயர் இல்லாமல் இணைக்கும் ரேடியோ லிங்க் பற்றி, 'எதிர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், 5.8 கிகாஹெர்ட்ஸ் லிங்க் 10 கி.மீ.க்குத் தாராளமாக எடுக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்வதால் சொல்கிறேன், தயவுசெய்து இதை நம்பி ஆன்டெனாக் கம்பம் நட்டுவிடாதீர்கள்.

ரேடியோ அலைக்கு நூல் பிடித்த கோடு போதாது. இரு முனையும் கூம்பி, நடுவில் வெள்ளரிக்காய் போலப் பருத்த இடம் வேண்டும். அதுதான் ஃப்ரெனல் மண்டலம். தூரத்தை (கி.மீ.) அலைவெண்ணின் (கிகாஹெர்ட்ஸ்) நான்கு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 17.3-ஆல் பெருக்கினால் நடுவில் அதன் ஆரம் மீட்டரில் வரும். இங்கே 11.4 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது 6.8 மீட்டர், பார்வைக் கோட்டுக்குக் கீழே காலியாக இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர். கூரான மேட்டின் உச்சி பார்வைக் கோட்டைத் தொட்டாலே சிக்னலில் சுமார் 6 டெசிபெல் (சக்தி எத்தனை மடங்கு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அளவு) போய்விடும். கால் பங்கு சக்திதான் மிஞ்சும்.

நீங்களே சரிபார்க்கலாம். கூகுள் எர்த்தில் கோடு இழுத்து உயர வரைபடத்தைப் பாருங்கள். அது தரைமட்டத்தை மட்டுமே காட்டும், மரம், கட்டட உயரத்தை நாம்தான் கூட்ட வேண்டும். ஏற்கெனவே நட்டாகிவிட்டதா? 20 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அளவு) ரேடியோ, இரு பக்கமும் 25 டிபிஐ (ஆன்டெனா சிக்னலைக் குவிக்கும் திறனின் அளவு) டிஷ் என்றால் இந்தத் தூரத்தில் சிக்னல் மைனஸ் 58 டிபிஎம் அளவில் வர வேண்டும். டிஷ்ஷைச் சரியாகத் திருப்பியும் சிக்னல் மைனஸ் 65-க்கு மேலே ஏறவில்லையென்றால் (மைனஸ் 70 போல இன்னும் பலவீனமாகவே இருந்தால்), முதலில் நடுவழி மரங்களைப் போய்ப் பாருங்கள்.